மேகமலையில் தாராளமயம்: காப்பி, தேயிலை, ஏலக்காய் - ஒரு பார்வை

"தாராளமயமாக்கல்" என்று வாத்தியார் போர்டில் எழுதினதுமே எங்க வகுப்பு ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி, "1991-க்கு முன்னாடி ஒரு ஸ்கூட்டர் வாங்க எத்தனை வருசம் காத்துக் கிடக்கணும் தெரியுமா?" என்று ஆரம்பிக்கும். இன்னொரு கட்சி, "எல்லாத்தையும் தனியாருக்குத் தாரை வார்த்தாச்சு" என்று முடிக்கும். ரெண்டு கட்சிக்கும் உதாரணங்கள் தயாராக இருக்கும்: போன், விமானம், வங்கி, கார். எல்லாமே பெரிய ஊர்ச் சமாச்சாரம்.

நமக்கு விமானமும் இல்லை, ஏன், ரயிலே போடி வரைக்கும் அகலப் பாதையாகி வந்து சேர 2023 ஆகிவிட்டது. ஆனால் அரசாங்கக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க கம்பம் பள்ளத்தாக்கை விட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. சின்னமனூரில் பஸ் ஏறி பதினெட்டு கொண்டை ஊசி வளைவைச் சுற்றி மேகமலைக்குப் போனால், ஹைவேவிஸ், மணலாறு, மேல்மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு என்று வரிசையாகத் தேயிலை. இடையிடையே காப்பி, மிளகு, சரிவில் ஏலக்காய். கேரள எல்லையைத் தாண்டினால் வண்டிப்பெரியாறு, பீர்மேடு, வண்டன்மேடு, மூணாறு என்று இதே மூன்று பயிர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்று பயிருக்கும் டெல்லி மூன்று விதமாகக் கடிவாளம் போட்டிருந்தது, மூன்று விதமாக அவிழ்த்தும் விட்டது. ஒரே மலை, ஒரே மழை, கீழேயிருந்து போகிற ஒரே கூலிச்சனம், சட்டம் மட்டும் வேறு வேறு. பொருளாதாரம் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன சோதனைச்சாலை வேண்டும்?

முதலில் காப்பி. இந்தக் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும். :)

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காப்பி விலை அதலபாதாளத்துக்குப் போனது. அடுத்து இரண்டாம் உலகப்போர் வந்து ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டது. தோட்டக்காரர்கள் (பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார்கள்தான்) அரசாங்கத்திடம் ஓடினார்கள். அப்படி வந்ததுதான் 1942-ம் வருட காப்பிச் சட்டம். தனியார் தொழிலைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கேட்டதே அந்தத் தனியார்தான் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நேரு வந்து சோசலிசத்துக்காகக் கொண்டு வந்தார் என்று யாராவது சொன்னால் வருடத்தைச் சொல்லி மடக்கலாம்.

சட்டம் என்ன சொன்னது? விளைகிற காப்பி மொத்தத்தையும் காப்பி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பெயர் "பூல்". வீட்டுக்கும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், மற்றபடி உன் தோட்டத்தில் உன் கையால் பறித்த காப்பிக் கொட்டையை நீயே விற்றால் அது குற்றம்! போர்டு எல்லாருடைய சரக்கையும் கலந்து, ஏற்றுமதி ஏலத்திலும் உள்நாட்டு ஏலத்திலும் விற்கும். உங்கள் கொட்டையின் ரகத்துக்கும் தரத்துக்கும் புள்ளி போடுவார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று பணம் வரும். அதுவும் மொத்தமாக வராது. முதலில் ஒரு தவணை, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த அறுவடையே முடிந்திருக்கும். நம்ம காப்பி என்ன விலைக்குப் போனது என்று விளைவித்தவனுக்கே தெரியாது. நல்ல காப்பி விளைவித்தவனும் ஏனோதானோவென்று விளைவித்தவனும் ஒரே குட்டையில் கலந்தார்கள். புள்ளி வித்தியாசம் இருந்ததுதான், ஆனால் அதற்காக மெனக்கெடும் அளவுக்கு இல்லை என்பது அந்தக் காலத்துத் தோட்டக்காரர்களின் நிரந்தரப் புலம்பல்.

சும்மா சொல்லக்கூடாது, பூல் முறைக்கு ஒரு நல்ல பக்கமும் இருந்தது. விலை விழுந்தால் மொத்தமாக விழாது. உலகக் காப்பி ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்றுமதிக் கோட்டா இருந்தவரை இந்த முறை ஒருமாதிரி ஓடியது. 1989 ஜூலையில் அந்தக் கோட்டா முறை உடைந்தது. 1991-ல் நம்மிடம் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியனே காணாமல் போனது. அதே வருடம் ஜூலையில் மன்மோகன் சிங் பட்ஜெட். ராஜாஜி 1950-களின் கடைசியிலேயே "லைசன்ஸ்-பர்மிட் ராஜ்" என்று பெயர் வைத்துத் திட்டிக்கொண்டிருந்த சமாச்சாரத்துக்கு டெல்லியில் திவசம் ஆரம்பித்தது.

காப்பியை மட்டும் ஒரே நாளில் அவிழ்த்துவிடவில்லை. 1992-ல் முப்பது சதவீதம் வரை நீயே உள்நாட்டில் விற்றுக்கொள் என்றார்கள். பிறகு பங்கு கூடிக்கொண்டே போனது. சிறு தோட்டக்காரர்களுக்கு முதலிலும், 1996-ல் எல்லாருக்கும் முழுச் சுதந்திரம் கிடைத்தது. நேரமும் நன்றாக அமைந்தது. 1994-ல் பிரேசிலில் பனி அடித்து அங்கே செடி கருக, உலக விலை எகிறியது. கையில் சொந்தச் சரக்கு, வாசலில் வியாபாரி, உடனே ரொக்கம். வத்தலக்குண்டு முதல் குடகு வரை மாடி வீடுகள் எழும்பின. அந்தத் தலைமுறைக்காரர்களிடம் பேசிப் பாருங்கள், 1994-ஐயும் 1997-ஐயும் கல்யாண வருசம் மாதிரி ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அப்புறம் வியட்நாம் வந்தது. இருபது வருடம் முன்பு காப்பி வரைபடத்திலேயே இல்லாத நாடு, 2000-ஐ ஒட்டி உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தியாளர். 2001-ல் உலகச் சராசரி விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பூல் இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்குமா? சில மாதம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான். போர்டும் அதே உலகச் சந்தையில்தான் விற்றாக வேண்டும். ஆனால் விலை ஏறும்போது கடன் வாங்கித் தோட்டத்தை விரித்தவன் இறங்கும்போது தனியாக நின்றான். வயநாட்டில் காப்பியும் மிளகும் ஒன்றாக விழுந்தபோது விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டது செய்தித்தாள்களில் நாள்தோறும் வந்தது.

இருந்தும் காப்பி விசயத்தில் நான் தாராளமயக் கட்சிதான். மறைக்க விரும்பவில்லை. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவின் காப்பி விளைச்சல் வருடத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம் டன் போல. இன்று அது ஏறக்குறைய இரட்டிப்பு. நல்ல தரத்துக்குத் தனி விலை உண்டு, தோட்டத்தின் பெயரிலேயே பொட்டலம் வருகிறது. 2025 பிப்ரவரியில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியபோது அந்த லாபம் தவணை தவணையாக இல்லாமல் நேரே தோட்டக்காரன் கைக்கு வந்தது. இங்கே எடுக்கப்பட்ட கட்டுப்பாடு எது என்று பாருங்கள்: "உன் பொருளை நீ விற்கக்கூடாது" என்பது. அதை எடுத்ததற்காக யாரும் அழ வேண்டியதில்லை.

(ஒரு கொசுறு: "இந்தியன் காபி ஹவுஸ்" ஆரம்பத்தில் காப்பி போர்டின் கடைகள்தான். 1950-களில் போர்டு அவற்றை மூட ஆரம்பித்தபோது ஏ.கே.கோபாலன் முன்னின்று ஊழியர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்தார். பெங்களூரில் 1957-ல் முதல் சங்கம். அரசாங்கம் கைவிட்டால் அடுத்தது முதலாளிதான் என்று கட்டாயமில்லை என்பதற்கு வெயிட்டர் தலையில் விசிறித் தொப்பியோடு ஒரு சாட்சி.)

இனி தேயிலை. காப்பிக்குப் போட்டதைப் போல இதற்கு "எல்லாவற்றையும் எங்களிடம் கொடு" என்ற கட்டுப்பாடு கிடையாது. எங்கே நடலாம் என்பதற்கு அனுமதி வேண்டும். அது 1933-ல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா மூன்றும் சேர்ந்து போட்ட சர்வதேச ஒப்பந்தத்தின் வழியாக வந்த பழக்கம், 1953-ம் வருடத் தேயிலைச் சட்டத்தில் தொடர்ந்தது. எப்படி விற்கலாம் என்பதற்கு 1984-ல் ஒரு ஆணை வந்தது. தயாரிக்கிற தேயிலையில் 75 சதவீதத்தைப் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும். நமக்குக் குன்னூர், கோயம்புத்தூர், கொச்சி.

கவனியுங்கள், ஏலத்தில் விலையை அரசாங்கம் வைக்கவில்லை. வியாபாரிகள்தான் கேட்கிறார்கள். அரசாங்கம் சொன்னது ஒன்றே ஒன்று, நாலு பேர் பார்க்க விற்கணும். 2001-ல் அந்த ஆணையை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கம்பெனிக்கு நேரே விற்றுக்கொள்ளலாம். அதே 2001 ஏப்ரல் 1 முதல், உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கின் முடிவை ஒட்டி, இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் போயின. இலங்கையுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அதற்கு முந்தைய வருடமே அமலுக்கு வந்திருந்தது.

எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்பதுதான் கொடுமை. 1998-ல் ஏலத்தில் கிலோ 70 ரூபாய்க்கு மேல் போன இந்தியத் தேயிலையின் சராசரி விலை 2002-03 வாக்கில் 60-க்குக் கீழே வந்துவிட்டது. தென்னிந்தியத் தேயிலை இன்னும் கீழே. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் பச்சைத் தேயிலை விலை கட்டாமல் தெருவுக்கு வந்து போராடினார்கள். விலை விழுந்ததற்குக் கட்டுப்பாட்டை எடுத்தது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ரஷ்யச் சந்தை போனது, உலகத்தில் தேயிலை அதிகமானது, நம்ம ஆட்கள் தரத்தைக் கோட்டை விட்டது எல்லாம் சேர்ந்துதான். ஆனால் விலை விழுகிற நேரத்தில், விலை எங்கே எப்படி நிர்ணயம் ஆகிறது என்று காட்டிக்கொண்டிருந்த ஒரே விளக்கையும் மங்க வைத்தார்கள். ஏலத்தில் ஒரு பகுதி, மீதி கதவுக்குப் பின்னால். பச்சைத் தேயிலைக்கு விலை கணக்குப் போடுவது ஏலச் சராசரியை வைத்து. அந்த ஏலத்துக்கு வருகிற சரக்கு குறைந்தால் சராசரிக்கு என்ன மரியாதை? ஏலத்தில் விலை விழுந்த அளவுக்கு டீக்கடையில் நாம் வாங்கும் பொட்டலத்தின் விலை விழுந்ததாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2015-ல் அரசாங்கமே திரும்பி வந்து, பாதித் தேயிலையாவது ஏலத்தில் விற்க வேண்டும் என்றது. 2024-ல் வட இந்தியத் தோட்டங்களுக்கு, டஸ்ட் ரகம் முழுவதையும் ஏலத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்று ஆணை. எழுபத்தைந்து சதவீதம் கட்டாயம், பிறகு கட்டாயமே இல்லை, பிறகு ஐம்பது, பிறகு சில ரகத்துக்கு நூறு! எடுத்ததும் நாங்களே, போட்டதும் நாங்களே என்கிற கதை. தாராளமயக் கட்சி நண்பர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

இதற்கு நடுவே எல்லைக்கு அந்தப் பக்கம் பீர்மேட்டில் என்ன ஆச்சு என்று சொல்லியே ஆகவேண்டும். கம்பத்திலிருந்து குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு தாண்டினால் பீர்மேடு. அங்கே வேலை செய்தவர்களில் பெரும் பங்கு நம்ம தமிழ்ச்சனம். 2000-ஐ ஒட்டி அங்கே பல எஸ்டேட்டுகள் பூட்டப்பட்டன. சம்பள பாக்கி, பி.எப்., கிராஜுவிட்டி எதுவும் கைக்கு வராமல் லயத்து வீடுகளில் ஆட்கள் அப்படியே இருந்தார்கள். முதலாளி இல்லாத தோட்டத்தில் செடியைத் தங்களுக்குள் பங்கு போட்டு, கொழுந்தை எடுத்து, கிடைத்த விலைக்கு விற்றுப் பிழைத்தார்கள். கூரை ஒழுகினால் தார்ப்பாய். நிர்வாகக் கோளாறு, கடன் எல்லாம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதலாளி தொழிலிலிருந்து சுலபமாக வெளியேற முடியணும் என்று புத்தகத்தில் ஒரு வரி வருமே, அதை இந்த லயத்து வாசலில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி கேட்கும். முதலாளி வெளியேறிவிடலாம். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்து, கீழே சொந்த ஊர் என்று ஒன்று இல்லாதவர் எங்கே வெளியேறுவது?

மூன்றாவது, ஏலக்காய். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் போடி (இந்தச் சிலேடையை எங்க ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒரு முறையாவது சொல்லியாக வேண்டும், என் முறை முடிந்தது).

ஏலக்காய்க்கு 1965-ல் சட்டம், அடுத்த வருடம் தனி போர்டு, 1987-ல் அது நறுமணப் பொருள் வாரியத்தில் ஐக்கியம். இங்கே கட்டுப்பாடு என்பது ரொம்ப மெல்லிசு. விவசாயியிடம் அரசாங்கம் வாங்குவதில்லை, விலையும் வைப்பதில்லை. ஏலம் நடத்துகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் லைசன்ஸ் வேண்டும், காய் போட்டவருக்கு விதிப்படி பணம் போய்ச் சேர வேண்டும். லைசன்ஸ் உள்ள வியாபாரிக்கு வெளியிலும் விற்கலாம். 2007-ல் போடியில் மின்னணு ஏலம் வந்தது. அதற்கு முன் கூவிக் கேட்பார்கள், யார் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்பதெல்லாம் தனிக் கலை. இப்போது வியாபாரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார். ஏலத்தில் வந்த அதிக விலை, சராசரி விலை இரண்டும் அன்று சாயங்காலத்துக்குள் தேவாரத்தில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் போனுக்கும் வந்துவிடும். அடுத்த நாள் வாசலுக்கு வருகிற வியாபாரி அதற்குக் கீழே பேசினால், "ஏண்ணே, நேத்து ஏலத்துல இம்புட்டு போயிருக்கே?" என்று கேட்க முடிகிறது. இந்த ஒரு கேள்விக்குத்தான் மொத்த ஏற்பாடும்.

விலையை இது தாங்கிப் பிடித்ததா என்றால், இல்லவே இல்லை. 2018 பெருவெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்ட் 3-ந்தேதி புத்தடி ஏலத்தில் கிலோ ஏலக்காய் 7000 ரூபாய் தொட்டது. எங்க பக்கம் அன்று பேச்சே வேறு இல்லை. ஏலக்காயை உண்டியலில் போட்டு வைக்கலாம் என்று கிண்டலடித்தோம். அதைப் பார்த்து நட்டவர்களின் செடி காய்க்க ஆரம்பித்தபோது, 2021-22-ல் சராசரி ஆயிரத்துக்கு அருகில் கிடந்தது. குவாத்தமாலாக்காரன் உலகத்துக்கே ஏலக்காய் அனுப்பிக்கொண்டிருக்கும்போது போடியில் உள்ள கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஒரே காயைத் திருப்பித் திருப்பி ஏலத்துக்குக் கொண்டு வருகிறார்கள், வாங்குகிறவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுகளும் ஓயவில்லை. ஆனாலும் விலை விழுந்தது என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஏமாந்து விற்றவர்கள் குறைவு. நட்டப்பட்டவர்கள் நிறைய, ஏமாந்தவர்கள் குறைவு. இரண்டும் ஒன்றில்லை.

2022 ஜனவரியில் மத்திய வர்த்தக அமைச்சகம் தேயிலை, காப்பி, ரப்பர், நறுமணப் பொருள் நாலுக்கும் பழைய சட்டங்களை ஒழித்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவர வரைவு மசோதாக்கள் வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடமே, நடவு அனுமதி சம்பந்தப்பட்ட தேயிலைச் சட்டப் பிரிவுகளை நிறுத்தி வைத்தார்கள். நடவு அனுமதியை எடுத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, 1933-ன் மிச்சம் எதற்கு? ஆனால் "பழையது" என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுவதுதான் பயம். வில்லங்கம் பண்ணுகிற கட்டுப்பாடும் வெளிச்சம் போடுகிற கட்டுப்பாடும் ஒரே வருசத்தில் பிறந்திருக்கலாம்.

எதிர்க்கட்சி நண்பர்களையும் விட்டுவிடக் கூடாது இல்லையா. கட்டுப்பாடு என்றாலே ஏழைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2021-ல் இலங்கையைப் பார்க்கலாம். கோத்தபய ராஜபக்ச அரசு ஒரே ராத்திரியில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டது. சில மாதத்தில் தடையை விலக்கினாலும் அடி விழுந்துவிட்டது. 2022-ல் இலங்கைத் தேயிலை விளைச்சல் இருபத்தைந்து வருடங்களில் இல்லாத அளவுக்குக் குறைந்தது. பறிக்கக் கொழுந்து இல்லையென்றால் முதலில் பேர் குறைவது மலையகத் தமிழர்களுக்குத்தான். அதே இலங்கையில் 1970-களில் தோட்டங்களை அரசுடைமையாக்கினார்கள், 1992-ல் நிர்வாகத்தை இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். அரசாங்கம் முதலாளியாக இருந்தபோதும் லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடிதான், கம்பெனி வந்த பிறகும் அதே அறைதான். 2021-ல் ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே, அதுவும் வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு அரசு வர்த்தமானியில் வெளியிட்டுத்தான். சந்தை தானாகக் கொடுக்கவில்லை.

நம்ம பக்கம் மூணாறிலும் அதேதான். 2005-ல் டாடா டீ தன் தோட்டங்களில் பெரும்பகுதியைக் கைமாற்றிவிட, ஊழியர்களே பங்குதாரர்களாக இருக்கும் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. கேட்க ரொம்ப நன்றாக இருந்தது. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் 10 ஆனபோது, அந்தப் "பங்குதாரர்" பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை! பெயர் மலையாளம், உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை. போனஸ் கருணைத்தொகையோடு சேர்த்துப் பழைய 20-க்கு வந்தது. அடுத்த மாதம் அரசு உட்கார்ந்து பேசி தேயிலைக்கு 232 ரூபாயிலிருந்து 301, ஏலத்தோட்டத்துக்கு 330 என்று கூலி முடிவானது. அவர்கள் கேட்டது 500.

ஏலத்தோட்டம் என்றதும் எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம். விடியக்காலம் இருட்டோடு தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக மேலே போய்க் காய் எடுத்துவிட்டு இருட்டியபின் இறங்குவார். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காப்பி பூல் எடுத்தது, ஏலச் சட்டம் மாறினது எதுவும் அவருக்குத் தெரியாது. ஏலக்காய் 7000 போன வருசத்தைப் பற்றிக் கேட்டால், "எனக்கென்னப்பா, கூலி அதே கூலிதான்" என்பார். விலை உயர்ந்தால் கூலி உடனே உயர்வதில்லை, விலை விழுந்தால் மட்டும் "இந்த வாரம் வேலை இல்லை" என்பது உடனே வந்துவிடும். இது மூன்று பயிருக்கும் பொது.

அதனால்தான் என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் நிஜமான இடம் விற்பனைச் சட்டம் இல்லை, 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, குடிநீர், ஆஸ்பத்திரி, பிள்ளைக்கொட்டில், பள்ளிக்கூடம் எல்லாம் முதலாளி தர வேண்டும் என்றது அது. தோட்ட முதலாளிகள் முப்பது வருடமாகச் சொல்லும் புகார், "கென்யாக்காரனுக்கும் வியட்நாம்காரனுக்கும் இல்லாத செலவு எங்கள் தலையில்". புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூரில் மில் வைத்திருப்பவர் தொழிலாளிக்குப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டியதில்லை, பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கிறது. ஆனால் இரவங்கலாறில் பக்கத்தில் என்ன இருக்கிறது? பிரசவ வலி எடுத்தால் சின்னமனூருக்கு இறங்க வேண்டும். அந்த மலையில் வீடு என்பது கம்பெனி கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சொந்தமாக ஒரு சென்ட் வாங்கிக் கட்டவும் முடியாது. சுற்றிலும் எஸ்டேட், அதைச் சுற்றிக் காடு. 2009-ல் அது சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. இதுவும் ஒரு வேடிக்கை: தொழிலுக்குக் கட்டுப்பாடு குறைந்துகொண்டே வருகிற அதே மலையில் மண்ணுக்குக் கட்டுப்பாடு கூடிக்கொண்டே வருகிறது. காட்டுக்கு அது நல்லது, நான் வரவேற்கிறேன். வைகைக்கும் சுருளியாற்றுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் லைன் வீட்டுக்காரர்.

2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, அந்த 1951 சட்டம் தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. வீடும் ஆஸ்பத்திரியும் ஒரேயடியாகப் போய்விடவில்லை, எழுத்தில் இருக்கின்றன. ஆனால் இந்த வசதிகளை முதலாளி தன் சொந்தப் பணத்தில் செய்யலாம், அல்லது மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சித் திட்டங்கள் வழியாகவும் செய்யலாம் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து படித்தால் நியாயமான வரி. முதலாளிக்குப் பாரம் குறையும், அரசு வீடு கட்டும், தொழிலாளிக்கு வீடு கிடைக்கும்.

மேகமலையில் உட்கார்ந்து படித்தால் சில கேள்விகள் வரும். அரசுத் திட்ட வீட்டுக்கு மனைப் பட்டா வேண்டும். எஸ்டேட் நிலத்தில் தொழிலாளிக்கு யார் பட்டா கொடுப்பார்கள்? காப்பக எல்லையை ஒட்டிப் புதுக் கட்டடத்துக்கு எந்தத் துறை கையெழுத்துப் போடும்? ஹைவேவிஸ் பேரூராட்சி கட்டுமா, கம்பெனி கட்டுமா என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டினால் ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றுவது யார்? அறுபது வயதாகி வேலை முடிந்தபின் அந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னால், சின்னமனூரில் வாடகை கொடுக்க எந்தப் பணம்? ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான ஏலத்தோட்டத்துக்குக் கீழேயிருந்து ஜீப்பில் போய் வருகிறவர்களுக்குப் பழைய சட்டத்திலும் இந்த வசதிகள் இல்லை, அவர்கள் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

வகுப்பில் இரண்டு கட்சியும் அடுத்த முறை சண்டை போடும்போது ஸ்கூட்டரையும் விமானத்தையும் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, இதற்கு யாராவது பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். செமஸ்டர் லீவில் மேலே ஒரு நடை போகலாம் என்று இருக்கிறேன், வருகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளவும். கடைசி பஸ்ஸை விட்டால் இறங்க வழியில்லை.